இந்தப் பத்தியை எதற்காக எழுதினார்கள்?

கருத்தறிதல் தாளில் மற்றக் கேள்விகளுக்கு நடுவே “இப்பகுதியின் முக்கிய நோக்கம் என்ன?” என்று ஒன்று வரும். பத்தி சின்னதுதான், பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். சொல்லுக்குப் பொருள் கேட்டால் சரியாக எழுதுகிற பிள்ளை, ‘யார்’, ‘எப்போது’, ‘ஏன்’ என்று கேட்டால் விரல் வைத்து வரியைக் காட்டுகிற பிள்ளை, இந்த ஒரு கேள்வியில் மட்டும் தடுமாறும். சிங்கப்பூரின் செங்காங்கில் என் வீட்டிலேயே மாலையில் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். தொடக்கநிலை ஆறிலிருந்து உயர்நிலை நான்கு வரை பிள்ளைகள் வருகிறார்கள். “எல்லாம் புரியுதுங்கிறான் டீச்சர், ஆனா இது மட்டும் தப்பாப் போகுது” என்று பெற்றோர் சொல்லும்போதெல்லாம் நான் அந்தப் பிள்ளையைத்தான் நம்புவேன். அவனுக்குப் புரிந்திருக்கிறது. பத்தி எதைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியும். அதை ஒருவர் உட்கார்ந்து எதற்காக எழுதினார் என்று அவன் கேட்டுப் பார்த்ததில்லை, கேட்க வேண்டும் என்று அவனிடம் யாரும் சொன்னதும் இல்லை.

ஒரு பத்தியை வைத்தே பேசலாம். வகுப்புக்காக நான் எழுதி வைத்திருப்பது இது:

“இன்று காலாங் ஆற்றிலும் மரினா விரிகுடாவிலும் நீர்நாய்க் குடும்பங்களைப் பார்க்க முடிகிறது. ஒரு காலத்தில் இவை சிங்கப்பூரில் கண்ணில் படுவதே அரிதாக இருந்தது. 1977இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் நடந்த துப்புரவுப் பணியால் சிங்கப்பூர் ஆறும் காலாங் படுகையும் தூய்மையடைந்தன. நீர் தெளிந்ததும் மீன்கள் திரும்பின. பின்னாளில் நீர்நாய்களும் வந்தன. குட்டிகளோடு கரையேறும் நீர்நாய்களைப் படம்பிடிக்க இப்போது பலர் மிக அருகில் செல்கின்றனர். குட்டிகளுக்கு ஆபத்து என்று தோன்றினால் பெரிய நீர்நாய்கள் கடிக்கவும் கூடும். எனவே, தள்ளி நின்று பார்ப்பதும் உணவு கொடுக்காமல் இருப்பதும் நல்லது.”

நான்கு தெரிவுகள். ஆறுகள் தூய்மைப்படுத்தப்பட்ட விதத்தை விளக்குவது, நீர்நாய்களின் வாழ்க்கை முறையை விவரிப்பது, நீர்நாய்களை நெருங்க வேண்டாம் என்று அறிவுறுத்துவது, படம்பிடிப்பவர்களைக் கண்டிப்பது.

முதல் முறை செய்கிறவர்களில் நிறையப் பேர் இரண்டாவதைத்தான் வட்டமிடுவார்கள். “டீச்சர், எல்லா வரியும் நீர்நாய் பத்தித்தானே இருக்கு?” என்பார்கள். சரி, நீர்நாய் எங்கே தூங்கும், என்ன சாப்பிடும், எத்தனை குட்டி போடும் என்று எந்த வரியில் இருக்கிறது, காட்டு என்று கேட்டால் தேடுவார்கள். மீன் என்று ஒரு சொல் கிடைக்கும், அதோடு சரி. இன்னும் சிலர் முதல் தெரிவுக்குப் போவார்கள், காரணம் 1977 என்ற எண். பத்தியில் எண் இருந்தால் அதுதான் முக்கியம் என்று எப்படியோ அவர்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. ஆறு தூய்மையான செய்தி அங்கே இருப்பது உண்மை. ஆனால் அது இல்லாமல் “எனவே, தள்ளி நில்லுங்கள்” என்று முடித்திருந்தாலும் பத்தி நின்றிருக்கும். கடைசி மூன்று வரிகளை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது வேறொரு பத்தி.

இதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக அடுத்து ஒன்று செய்வேன். முதல் ஐந்து வாக்கியங்களையும் அப்படியே விட்டுவிட்டு, படம்பிடிப்பவர்களில் தொடங்கும் கடைசி மூன்றையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் “கழிவும் குப்பையும் மிதந்த ஆறு இப்படி மாறியதற்குப் பின்னால் எத்தனையோ பேரின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. கரையோரம் நடக்கும்போது அவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்” என்று எழுதுவேன். நீர்நாய் அதே நீர்நாய், ஆறு அதே ஆறு, 1977உம் அதே 1977. இப்போது நோக்கம் என்ன என்று கேட்டால், முன்பு தவறாக வட்டமிட்ட அதே பிள்ளைகள் “அந்த ஆளுங்களுக்கு நன்றி சொல்ல” என்று தாங்களாகவே சொல்லிவிடுகிறார்கள். பேசும் பொருள் மாறாமல் நோக்கம் மட்டும் மாறுவதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால், அப்புறம் ‘எதைப் பற்றி’ என்பதை ‘எதற்காக’ என்பதன் இடத்தில் வைத்துக் குழப்பிக்கொள்வது பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

பிள்ளைகள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்தால், குற்றம் அவர்கள்மேல் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்குள்ள இந்தியர்களில் 59 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குத் தமிழ்ப் பத்தியில் எல்லாச் சொல்லும் பிடிபடாது. தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதே சொல் எந்தத் தெரிவில் இருக்கிறது என்று தேடிப் பொருத்துவது அவனுடைய தற்காப்பு. முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடு போடு என்று நாமும் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். தகவல் கேட்கும் கேள்விக்கு அந்த வழி நன்றாகவே வேலை செய்கிறது, அதனால் அவனுக்கு அதன்மேல் நம்பிக்கையும் வந்துவிடுகிறது. நோக்கம் கேட்கும் கேள்வியில் அதே வழி காலை வாரிவிடும், ஏனென்றால் தவறான தெரிவுகளை எழுதுகிறவர் பத்தியில் உள்ள சொற்களை வைத்துத்தான் எழுதுவார். அவை பொய்யாகவும் இருக்காது. பத்தியில் உண்மையாகவே இருக்கிற ஒரு துண்டைத் தூக்கி முழுப் பத்தியின் நோக்கம் என்று நிறுத்துவார்கள். அதனால் ‘இது பத்தியில் இருக்கிறதா?’ என்று சரிபார்க்கிற பிள்ளைக்கு மூன்று தெரிவும் சரியாகத் தெரியும்.

இன்னொரு சங்கடமும் உண்டு, இது தமிழ்த் தாளுக்கே உரியது. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட தெரிவுகளில் வினைச்சொல் முதலில் வந்துவிடும்: எச்சரிக்க, விளக்க, பாராட்ட என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். நம் மொழியில் வினை கடைசியில் நிற்கிறது. “நீர்நாய்களின் வாழ்க்கை முறையை...” என்று படித்ததுமே பிள்ளை முடிவு கட்டிவிடுகிறான், ‘விவரிப்பது’ என்ற சொல்வரை அவன் கண் போவதே இல்லை. போனாலும் விளக்குவது, விவரிப்பது, வலியுறுத்துவது, அறிவுறுத்துவது எல்லாம் அவனுக்கு ஒரே மாதிரி நீளமான சொற்கள். நோக்கத்தைச் சொல்வது அந்தக் கடைசிச் சொல்தான். அதனால் என் வகுப்பில் தெரிவுகளைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்கிறேன். கடைசிச் சொல்லை மட்டும் விட்டு மற்றதைக் கையால் மறைத்துக்கொண்டு, ‘இந்த ஆள் இங்கே எச்சரிக்கிறாரா? கண்டிக்கிறாரா?’ என்று பத்தியைப் பார்த்துக் கேட்க வேண்டும். மேலே உள்ள பத்தியில் நான்காவது தெரிவு இப்படித்தான் விழுந்துவிடும். ‘நல்லது’ என்று முடிக்கிறவர் யாரையும் கண்டிக்கவில்லை. கண்டிக்கிறவர் ‘பொறுப்பற்ற செயல்’ என்றோ ‘வெட்கக்கேடு’ என்றோ எங்காவது ஒரு சொல்லில் சூடு காட்டியிருப்பார். பத்தியில் இல்லாத சூட்டைத் தெரிவில் வைப்பது கேள்வி எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்வது, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அதில் விழுகிறார்கள்.

இதே பிள்ளைகள் காதால் கேட்கும்போது நோக்கத்தைத் தவற விடுவதே இல்லை என்பதுதான் எனக்கு உற்சாகம் தருகிற விஷயம். பாட்டி வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு “ரூம்ல ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கு” என்கிறார். அந்த வாக்கியம் மின்விசிறியைப் பற்றியது. பேரன் எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வருகிறான். “மணி பதினொண்ணு ஆகப்போகுது” என்று அம்மா சொன்னால் கைப்பேசி தலையணைக்கு அடியில் போய்விடுகிறது. மின்தூக்கியில் கூட வருகிற அத்தை “உங்க அம்மாவை ரொம்ப நாளா கோயில்ல பார்க்கலையே” என்றால் அது நலம் விசாரிப்பா, குறையா, வம்பு கேட்கிற ஆசையா என்று குரலை வைத்தே பிள்ளை கண்டுபிடித்து, வீட்டுக்கு வந்து அதே ராகத்தில் நடித்தும் காட்டுகிறது. சொன்னது ஒன்று, சொன்னதன் நோக்கம் ஒன்று என்பது நம் வீடுகளில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். காகிதத்தில் குரல் இல்லை, முகம் இல்லை. அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தால் போதும் என்றுதான் நினைக்கிறேன்: யாரைப் பார்த்துப் பேசுகிறார், எந்த இடத்தில் திரும்புகிறார், எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார், எதில் கொண்டுபோய் நிறுத்தினார்.

பாட்டியிடம் கேட்கும் அதே கேள்வியைப் பத்தியிடமும் கேட்கச் சொல்கிறேன். படித்து முடித்ததும் நான் என்ன செய்ய வேண்டும் என்று இவர் எதிர்பார்க்கிறார்? ஒன்றைத் தெரிந்துகொள்ளவா, எழுந்து போய் ஏதாவது செய்யவா, என் கருத்தை மாற்றிக்கொள்ளவா, சும்மா ரசிக்கவா? உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு பெண் இதைக் கேட்டுவிட்டு “அப்ப இவருக்கு என்கிட்டேருந்து என்ன வேணும்னு கேக்கணும், அதானே டீச்சர்?” என்றாள். நான் சுற்றி வளைத்துச் சொன்னதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். இப்போது வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம்.

நம் இலக்கண மரபு இதை எவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரப் பகுதியில், ஒரு நூலுக்கு முகவுரை எழுதுகிறவர் எட்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நூற்பா இருக்கிறது.

“ஆக்கியோன் பெயரே வழியே எல்லை
நூற்பெயர் யாப்பே நுதலிய பொருளே
கேட்போர் பயனோடு ஆயெண் பொருளும்
வாய்ப்பக் காட்டல் பாயிரத் தியல்பே.”

இதில் நுதலிய பொருள் என்பது நூல் எதைப் பற்றியது என்பது. கேட்போர் என்பது அது யாருக்கு என்பது. பயன் என்பது அதனால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது. மூன்றும் தனித்தனியாக எண்ணப்பட்டிருக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்று அடக்கப்படவில்லை. அடுத்த நூற்பாவில் காலம், களம், காரணம் என்று இன்னும் மூன்றைச் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு என்கிறார். எப்போது எழுதப்பட்டது, எந்த அவையில் அரங்கேறியது, ஏன் எழுதப்பட்டது என்பதெல்லாம் நூலைத் திறக்கும் முன்பே வாசகனுக்குத் தெரிய வேண்டும் என்பது அந்தக் கால ஆசிரியர்களின் எதிர்பார்ப்பு. இங்கே பள்ளி ஆங்கிலப் பாடத்திட்டத்தில் நோக்கம், வாசகர், சூழல், பண்பாடு என்ற நான்கையும் சேர்த்து வலியுறுத்துகிறார்கள், பிள்ளைகள் அதைச் சுருக்கெழுத்தாகவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அது ஆங்கில வகுப்புக்கு மட்டும் உரிய உத்தி, தமிழ் என்றால் சொற்பொருளும் வேற்றுமை உருபும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் உயர்நிலைப் பிள்ளைகளிடம் இந்த நூற்பாவை எழுதிக் காட்டினால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

நன்னூல் சொல்லும் களத்தைப்போல, ஒன்று எந்த இடத்தில் நிற்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று வீட்டுக்குக் கீழேயே காட்டலாம். டெங்கி அதிகமாகும் மாதங்களில் புளோக்கின் மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள். அக்கம்பக்கத்தில் சம்பவங்கள் பத்துக்குக் கீழே இருந்தால் மஞ்சள் பதாகை, பத்து அல்லது அதற்கு மேல் போனால் சிவப்புப் பதாகை. ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம்போல ஆகும், பூந்தொட்டித் தட்டில் உள்ள நீரைக் கொட்டிவிடுங்கள் என்பதுதான் இப்படிப்பட்ட அறிவிப்புகளின் சாரம். முதல் இரண்டு தகவல்களை அறிவியல் பாடப் புத்தகத்தில் போட்டால் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியை விளக்குவது என்று விடை எழுதலாம், முழு மதிப்பெண் கிடைக்கும். மின்தூக்கிப் பக்கத்தில் ஒட்டினால் நம்மைத் தட்டைக் கவிழ்க்க வைப்பதுதான் நோக்கம், ஒரு வாரம் என்ற தகவல் அங்கே நம்மை அவசரப்படுத்துவதற்காக நிற்கிறது. தாளில் பத்திக்கு மேலே ‘குடியிருப்பாளர்களுக்கு அறிவிப்பு’ என்றோ ‘மாணவர் இதழிலிருந்து’ என்றோ ஒரு சின்ன வரி இருக்கும். பிள்ளைகள் அதைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது, தயவுசெய்து அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கும் இது வேண்டியிருக்கிறது. “உங்கள் பார்சல் முகவரிக் குறைபாட்டால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. 24 மணி நேரத்துக்குள் கீழ்க்காணும் இணைப்பில் விவரங்களைப் பதிந்து 50 காசு செலுத்தவும்” என்கிற மாதிரி குறுஞ்செய்தி வராத கைப்பேசியே இங்கே இருக்காது. எதைப் பற்றி என்று கேட்டால் பார்சலைப் பற்றி. எதற்காக என்று கேட்டால், 50 காசுக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள், அட்டை எண் வேண்டும் என்பதற்காக. அந்த 24 மணி நேரம் யோசிக்க விடாமல் செய்வதற்காக. பதிவு செய்யாத அனுப்புநர் பெயரில் வரும் குறுஞ்செய்திகள் 2023 ஜனவரி கடைசியிலிருந்து ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற அடையாளத்தோடுதான் வருகின்றன. சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் வருவதற்கு அந்த அடையாளம் கிடையாது, அங்கே நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் இதையும் ஒரு கருத்தறிதல் பத்தியாகவே கொடுக்கிறேன். வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டிக்கும் இதே கேள்வியைப் போடச் சொல்லி அனுப்புகிறேன், அது வீட்டுப்பாடம்.

கடைசி வரியைப் படித்தால் நோக்கம் கிடைத்துவிடும் என்று ஒரு குறுக்குவழி டியூஷன் வட்டாரத்தில் உலவுகிறது. நீர்நாய்ப் பத்திக்கு அது சரியாக வரும். ‘எனவே’, ‘ஆகவே’, ‘ஆனால்’, ‘இருப்பினும்’ வரும் இடத்தைக் கவனி என்பதும் நல்ல யோசனைதான், அங்கேதான் எழுதியவர் திரும்புகிறார். ஆனால் அறிவிப்புகளில் நோக்கம் முதல் வரியிலேயே வந்து, கடைசி வரியில் தொலைபேசி எண் மட்டும் இருக்கும். கதைப் பத்தியில் எந்த வரியிலும் வெளிப்படையாக இருக்காது. திரையரங்கு வாசலில் கச்சாங் பூத்தே விற்ற தாத்தாவைப் பற்றிப் பேரன் சொல்வதுபோல ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறேன். தலையில் தட்டைச் சுமந்து வந்தது, வறுத்த கடலையும் பட்டாணியும் தனித்தனியாக இருந்தது, பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டும்போது அவர் விரல்கள் வேகமாகவும் ஒரே அளவாகவும் வேலை செய்தது, கையில் காசில்லாமல் நின்ற பையனுக்கு ஒரு கூம்பை நீட்டிவிட்டுப் பேசாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அவ்வளவுதான் பத்தி. ‘எனவே’ கிடையாது, அறிவுரை கிடையாது. சிங்கப்பூரில் அந்தக் காலத்துச் சிற்றுண்டி வியாபாரத்தைப் பற்றித் தெரிவிப்பது என்று ஒரு தெரிவும், தாத்தாவின் பரிவான குணத்தை உணர்த்துவது என்று ஒரு தெரிவும் வைத்தால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். அப்போது எழுதியவர் எங்கே நின்று நிதானமாகப் பார்க்கிறார் என்று தேட வேண்டும். கடலையின் விலை சொல்லவில்லை, எந்தத் திரையரங்கு என்று சொல்லவில்லை. பையனிடம் கூம்பை நீட்டியதும் திரும்பிக்கொண்ட அந்த முகத்துக்கு மட்டும் இடம் கொடுத்திருக்கிறார். வியாபாரத்தைத் தெரிவிக்க வந்தவருக்கு அந்த வரி தேவையே இல்லை.

சில நேரம் இரண்டு தெரிவும் நிற்கும். பிராஸ் பசாவில் வாங்கிய ஒரு பயிற்சிப் புத்தகத்தில் நீர்நாய்ப் பத்தி மாதிரியே ஒன்று இருந்தது, தெரிவுகளில் ‘எச்சரிப்பது’, ‘அறிவுறுத்துவது’ இரண்டும் இருந்தன. விடைப் பக்கத்தில் எச்சரிப்பது என்று போட்டிருந்தார்கள். தொடக்கநிலை ஆறு படிக்கும் ஒரு பையன் ஒப்புக்கொள்ளவே இல்லை. கடிக்கும் என்று ஒரு வரிதான் சொல்லியிருக்கிறார்கள், என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வரி சொல்லியிருக்கிறார்கள், அப்படியென்றால் அறிவுறுத்துவதுதானே என்று வரிகளை எண்ணிக் காட்டினான். என் கணிப்பிலும் அவன் சொன்னதுதான் சரி. அதையே அவனிடம் சொன்னேன். தேர்வில் இவ்வளவு நெருக்கமாக இரண்டு தெரிவுகள் வந்தால், ஆபத்தைச் சொல்லும் வரிகள் அதிகமா, செய்ய வேண்டியதைச் சொல்லும் வரிகள் அதிகமா என்று அவன் செய்ததுபோலவே எண்ணிப் பார்க்கலாம். சுயவிடைக் கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது, “கடைசி மூன்று வரிகளில் என்ன செய்ய வேண்டும் என்று கூறுவதால்” என்று காரணத்தையும் சேர்த்து எழுதிவிடலாம். விடைப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். வரியைக் காட்ட முடிந்தால் அவன் படித்திருக்கிறான் என்று அர்த்தம், அப்புறம் விடையைப் பார்த்துக்கொள்ளலாம்.